வெங்காயத் தொப்பி

ஊசியை ஆசையில் தொட்டேன், கோபத்தில்தான் பழகினேன். கோபம் முழுக்க என் மச்சாள் மேல். மச்சாள் என்றால் என் புருஷனின் அக்கா. மூத்தவள், மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுத வேண்டும். எனக்கு வரவில்லை.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போகப் பாஸ் கேட்காத காலம் அது. எங்கள் ஊர் எத்தாளையில் என் புருஷன் கடலுக்குப் போவான், நான் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துவேன். மச்சாள் இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி செத்துப்போக, சில மாதம் ஊரில் நிற்கலாம் என்று வந்தாள். அந்த நேரம்தான் என் புருஷனின் தம்பிக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் தானேதான் என்று மச்சாள் அறிவித்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை.

அவளுடைய சூட்கேசிலிருந்து சொக்லேட்டும் சென்ட்டும் வந்ததோடு, கொஞ்சம் கம்பளி நூலும் இரண்டு பின்னல் ஊசியும் வந்தன. பிள்ளைக்கு ஏதாவது பின்னச் சொல்லித் தம்பி பெண்சாதியிடம் கொடுத்தாள். அவள் அதை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வலை பொத்துகிறவளின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. வலையில் ஒரு கண்ணை எடுத்தால் உடனே முடிச்சை இறுக்கிவிடும். முடிச்சில்லாத கண்ணால் மீன் போகும், மீனோடு எங்கள் சோறும் போகும். ஆனால் பழகுவதற்கென்று போனில் போட்டுப் பார்த்த பின்னல் படத்தில் முடிச்சே இல்லை. ஒரு கண் மற்றக் கண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். இது எப்படி நிற்கும்? படம் எடுத்தவள் முடிச்சைக் காட்ட மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் மறந்ததை நான் போட்டேன், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாக.

தொப்பி முடிந்தபோது மேசையில் தானாக எழுந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மச்சாளும் பிள்ளையும் இருந்த மாமி வீட்டுக்குக் கொண்டு போனேன்.

மச்சாள் அதை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தாள்.

“என்ன இது?”

“பிள்ளைக்குத் தொப்பி மச்சாள்.”

“தொப்பியா? இதப் போட்டா பிள்ளைட தலை நசுங்கிப் போகும். இதுக்குள்ள கூனி இறால் பிடிக்கலாம். உன்ட கைக்கு நைலோன் வலைதான் சரி, பிள்ளைகள்ட சாமானத் தொடாத.”

அதோடு விட்டிருக்கலாம். தொப்பிக்குள் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, குசினி வாசல் ஆணியில் தொங்கவிட்டாள். பிள்ளை பார்க்க வந்த பெண்கள் எல்லோருக்கும் அதைக் காட்டிச் சிரித்தாள். மாமி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கே மனதுக்குள் முடிவெடுத்தேன். அதே பெண்களுக்கு முன்னால், அதே வாயால், இவளுடைய கை நல்ல கை என்று அவள் சொல்ல வேண்டும். சொல்ல வைக்காமல் விடுவதில்லை.

புத்தளம் கடைத்தெருவில் புது நூல் வாங்கி வந்தேன். நைலோன் அறுத்த என் விரல்களில் கம்பளி கொழுவிக்கொண்டே இருந்தது. தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துவிட்டுத்தான் ஊசி எடுப்பேன். முடிச்சுப் போடப் போகிற கையை மற்றக் கையால் அடித்திருக்கிறேன். ஒவ்வொரு வரிசைக்கும் மச்சாளுக்கு ஓர் ஏச்சு. சில வரிசைகளுக்கு ஏசியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்தான் சொல்ல முடியும்.

முதலில் ஒரு சதுரம் பின்னினேன். ஓரம் கோணல்தான். ஆனால் இழுத்தால் நீண்டது, விட்டால் பழையபடி வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அதை இழுத்து இழுத்து விட்டேன். பிறகு அது சூட்டுக் கேத்தலைப் பிடிக்கிற துணியானது. அடுத்தது ஒரு சோடிக் காலுறை. ஒன்று பிள்ளைக்கு அளவு, மற்றது பிள்ளையின் தாய்க்கு அளவு. முதலாவதைப் பின்னியபோது மச்சாள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து கதைத்துவிட்டுப் போயிருந்தாள், கை இறுகிவிட்டது. இரண்டாவதைப் பின்னியபோது அவள் சிலாபத்துக்குப் போயிருந்தாள். பின்னுகிறவள் கோபத்தைக்கூட ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. வைத்திருந்தேன். வெள்ளை நூலில் தொப்பி முடிந்தது.

எங்கள் பக்கத்தில் ஞானஸ்நான உடுப்பை ஞானத்தாய்தான் கொண்டுவர வேண்டும், அவள்தான் உடுத்த வேண்டும். பிள்ளை பிறக்குமுன்பே இத்தாலியில் வாங்கிய உடுப்புப் பெட்டியை மச்சாள் ஞானஸ்நானத்தன்று காலை வரை யாரையும் தொட விடவில்லை, ஊத்தை பிடித்துவிடுமாம். திறந்தாள். சட்டை ஒருமாதிரி ஏறியது. மூன்று மாதம் தாய்ப்பால் குடித்த தலையில் தொப்பி ஏறவில்லை. உச்சியில் அப்பம் மாதிரி நின்றது. இழுத்தாள், பிள்ளை வீரிட்டது. கோயில் மணியும் அடித்துவிட்டது.

விருந்தில் எல்லோருக்கும் காட்டவென்று என் தொப்பியைக் கைப்பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். மச்சாள் வாங்கிப் பிள்ளைக்குப் போட்டாள். காது வரை அழகாக இறங்கியது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தொப்பி எங்கே வாங்கியது என்று ஒருத்தி கேட்டாள்.

“இத்தாலியில,” என்றாள் மச்சாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

பிள்ளையின் தலையிலிருந்து அதைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் அந்தப் பெண்கள், “எனக்கும் ஒண்டு அனுப்பிவிடுங்கோ”, “என்ட மருமகளுக்கும் ஒண்டு” என்று தொடங்கினார்கள். மச்சாள் எல்லோருக்கும் ஓம் போட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அது பொறுமை இல்லை, அத்தனை தொப்பிக்கும் அவள் என்னிடம்தான் வர வேண்டும்.

இரண்டொரு நாளில் என் வீட்டுக்கு வந்தாள். கதிரையின் நுனியில் இருந்தாள்.

“நான் போறதுக்குள்ள நாலஞ்சு தொப்பி பின்னித் தாவன். என்ட மகளுக்கும் அங்க பிள்ளை கிடைக்கப் போகுது. அவளுக்கும் ஒண்டு.”

“முதல்ல கோயிலடியில கேட்ட ஆக்களுக்கு உண்மையச் சொல்லுங்க மச்சாள்.”

முகம் கறுத்துப்போனது. ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயைக் குடிக்காமல் போனாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அந்தப் பெண்களை அவளே கூப்பிட்டாள். “அது இத்தாலித் தொப்பி இல்ல. இவதான் பின்னினா. நான் சும்மா சொன்னேன்,” என்றாள். நான் அசையாமல் நின்றேன். “நல்ல கை,” என்றும் சொன்னாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள். எல்லோருக்கும் பின்னித் தருவதாகச் சொன்னேன். மச்சாள் என் கையைப் பிடித்து, “மகள்ட தொப்பிய மறந்துடாத,” என்றாள்.

“அத மட்டும் நீங்க இத்தாலியில வாங்குங்க,” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அவள் வெறுங்கையோடு பிளேன் ஏறினாள். பேரப்பிள்ளை அங்கே மாரிக் குளிரில் பிறந்தது, வெளியே பனி கொட்டுதாம் என்று மாமி சொன்னாள். அந்தப் பிள்ளை உனக்கு என்ன செய்தது என்று என் புருஷன் கேட்டான். ஒன்றும் செய்யவில்லைதான். கேட்ட மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். அதற்கு நான் பின்னவில்லை.