ஜமால் அண்ணன் கேட்ட மிச்ச வரிகள்

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பேகம்பூர் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். கணவரை இழந்து இத்தாவில் உட்கார்ந்திருக்கும் நூர்ஜஹான் லாத்தா, அவர் மகள் ரிஸ்வானா, லாத்தாவின் தங்கை, பக்கத்து வீட்டு பாத்திமா அம்மா, நான்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஜமால் அண்ணன் மௌத்தாகிவிட்டார். லாத்தாவின் வீட்டுக்காரர். நேற்று மூன்றாம் நாள் பாத்திஹா.

பெண்கள் சங்கக் கணக்கை நான் ஏற்றும் பழைய கம்ப்யூட்டரை இத்தனை வருடம் சாகவிடாமல் வைத்திருந்தவர் அவர்தான்.

புதிது வாங்கப் போனால் விற்கமாட்டார். "விளம்பரத்துல பத்து மடங்கு வேகம்னு போட்டிருக்கான்ணே" என்றேன் ஒருமுறை. "நீ அம்புட்டு வேகமா டைப் அடிப்பியாக்கும்?" என்றார்.

சொன்னதெல்லாம் பலித்தது என்றும் இல்லை... போனில் பணம் அனுப்புவதெல்லாம் ஆறு மாதக் கூத்து என்றவர், பிறகு தன் கடையிலேயே ஸ்கேன் அட்டை ஒட்டினார். "என்னண்ணே இது?" "சும்மா இரு. எல்லாத்துலயுமா ஜெயிக்க முடியும்?"

போன மாதம் ஏஐ ஆப்பைக் காட்டினேன். "நாலு வரி சொன்னாப் போதும்ணே, நாப்பது வரி எழுதிருது."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மிச்சம் முப்பத்தாறு வரி எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டியா?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று அவரைப் பற்றி ஏதாவது எழுதி வாசிக்கச் சொன்னார்கள். எனக்குக் கை ஓடவில்லை. அந்த ஆப்பில் நாலு வரி போட்டேன்... அண்ணன் பெயர், கடை, குணம், லாத்தா பெயர். வந்ததை அப்படியே ஒரு பேப்பரில் எழுதி வாசித்தேன்.

"'என் வாழ்வின் மிகப்பெரிய வரம் நூர்ஜஹான்' என்று கண்கள் பனிக்க அவர் சொல்வது வழக்கம்" என்று அதில் ஒரு வரி.

லாத்தா நிமிர்ந்தார். "நெசமாவா ஆயிஷா? உன்கிட்டயா சொன்னாரு? என்கிட்ட ஒரு வாட்டி சொன்னதில்லையே அந்த மனுசன்... இன்னொருக்கா வாசி."

பாத்திமா அம்மா விடவில்லை. "வெளியில புகழ்ந்துட்டு வீட்டுல உர்ர்னு இருந்திருக்காரு பாரேன்!"

லாத்தா சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

நான் இன்னொருமுறை வாசித்தேன். தலையையும் ஆட்டினேன். லாத்தா பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

அண்ணன் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

ரசீது இல்லாமல் ஒரு ரூபாயைக்கூடக் கணக்கில் ஏற்றாதவள் நான். இறந்தவரைப் பற்றிப் பேசுவது சாட்சி சொல்வது மாதிரி என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவளும் நான்தான். ராத்திரி இஷா தொழுதுவிட்டு தஸ்பீஹ் மணியை எடுத்தால் விரல் நகரவில்லை.

ரிஸ்வானாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா அந்தப் பேப்பரைத் தலகாணிக்கடியில வச்சிருக்கு. நீங்களே வந்து சொல்லுங்க சாச்சி" என்றாள்.

நாளை ஜும்ஆ முடிந்ததும் போகிறேன். வெறும் கையோடு போக மனம் வரவில்லை.

அவர் கடைக்குப் போனவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். லாத்தாவைப் பற்றி அண்ணன் ஏதாவது சொல்லி, உங்கள் காதால் கேட்டிருந்தால் எழுதுங்கள். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவர் சொன்னதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

போய்வாங்கண்ணே. ரப்பு உங்கள் கப்ரை விசாலமாக்கட்டும்.

நாளை மதியத்துக்குள் பதில் வேண்டும். தயவுசெய்து.