விழத் தெரியாதவள்

இருபத்துமூன்று வருடங்களில் அவள் திரையில் அடித்து வீழ்த்திய ஆண்களை வரிசையாக நிற்க வைத்தால், வரிசை பேருந்து நிலையத்தில் தொடங்கி, ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் பேருந்து நிலையத்துக்கே வந்து சேரும். அதில் பாதிப் பேர் ஒரே ஆள். அவளுடைய கணவர்.

அவர் சண்டைக் கலைஞர். ஒரு படத்தில் மீசையோடு அடி வாங்குவார், அடுத்த படத்தில் தாடியோடு. எங்கே தூக்கி எறிந்தாலும் சத்தமில்லாமல் விழுவார் என்பதால் அவருக்கு மெத்தை என்று பெயர் விழுந்துவிட்டது. பெண்டாட்டியிடம் அடி வாங்குகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. அதற்குச் சம்பளமும் மதியச் சாப்பாடும் வாங்கியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அவளை ரசிகர்கள் இடி அக்கா என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அவள் அப்பா தையல்காரர். பதினெட்டு வயதில், தைத்த உடைகளைப் படப்பிடிப்புத் தளத்தில் கொடுத்துவிட்டு வரப் போனவள், மதில் மேல் நின்று குதிக்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்த ஒரு கதாநாயகியைப் பார்த்தாள். "இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று கேட்டுவிட்டுத் தானே ஏறிக் குதித்துக் காட்டினாள். கேமரா ஓடவில்லை. மறுபடி குதிக்கச் சொன்னார்கள். அப்புறம் நான்கு வருடங்கள் மற்றவர்களுக்காகக் குதித்தாள். அந்தக் காலத்துப் படங்களில் அவள் முதுகை மட்டும் பார்க்கலாம். ஒரு நாள் ஒரு இயக்குநர் அவளை முன்பக்கமாகவும் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், போலீஸ் அதிகாரியாக உயர்த்திவிட்டார்.

பிறகு ராணுவம், லாரி ஓட்டுநர், கொள்ளைக்காரி என்று எல்லாம் ஆனாள். ஒரு படத்தில் பல் மருத்துவர். அதிலும் மூன்றாவது காட்சியில் நாற்காலியைத் தூக்கி நோயாளியை அடிக்க வைத்துவிட்டார்கள். அவள் உதைத்த உதையில் ஒரு லாரியே பின்னால் போனது என்று இன்றும் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். லாரி போனது உண்மை. ஓட்டுநர் ரிவர்ஸ் போட்டிருந்தார் என்பதும் உண்மை.

நாற்பத்தைந்து வயதில் வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. படியேறலாம், மதில் ஏறக் கூடாது என்றார் மருத்துவர். அவரும் அவள் ரசிகர், அவளைவிட அவருக்குத்தான் துக்கம் அதிகம். சீட்டில் மருந்தை எழுதி, கீழே அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். சண்டைப் படங்களுக்கு அவளைக் கேட்டு வருவது நின்றது. எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். ஜன்னல் கம்பிகளுக்கு மூன்று முறை வண்ணம் அடித்தாள்.

அப்போதுதான் ஓர் இளம்பெண் சைக்கிளில் வந்து இறங்கினாள். முதல் படம் எடுக்கப்போகும் இயக்குநராம். கதையில் ஒரு குமாஸ்தா. தன் பிறந்தநாளுக்குத் தானே கேக் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வருகிறாள். துடைத்து ஈரம் காயாத நடைவழியில் வழுக்கி விழுகிறாள். படம் அந்த விழுதலில்தான் தொடங்குகிறது. சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. கடைசிவரை யாரும் யாரையும் அடிக்காத படம்.

இடி அக்கா கதையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அந்தப் பெண் போன பிறகு கணவரிடம் சொன்னாள்:

"என்னங்க, ஒரு படத்துலயாவது என்னைப் பார்த்து யாராச்சும் பாவப்படணும்."

அவளுக்கு அந்தப் பாக்கியம் வாய்த்ததே இல்லை. கடையில் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள். அவளுக்குப் பல்வலி வந்தபோது அக்கம்பக்கத்தார் பல்லுக்காக வருத்தப்பட்டார்கள்.

தயாரிப்பாளருக்கு இந்த யோசனை துளியும் பிடிக்கவில்லை. இடி அக்காவைக் குமாஸ்தா என்று யார் நம்புவார்கள் என்றார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அழுதுவிடும் வேறொரு நடிகையைத் தயாராக வைத்திருந்தார். இயக்குநர் மன்றாடியதில் ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தார்: திங்கட்கிழமை அந்த விழும் காட்சியை எடுத்துப் பார்ப்போம்; விழுந்தால் அவள், இல்லாவிட்டால் மற்றவள்.

இடி அக்கா சிரித்தாள். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவள். ஓடும் ரயிலிலிருந்து விழுந்தவள். ஒரு தடவை ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து, கீழே வந்து, பசிக்கிறது என்றவள். இவளுக்குச் சமதரையில் விழுவது ஒரு வேலையா?

வியாழக்கிழமை ஒத்திகை. கையில் காலி அட்டைப்பெட்டி. நடந்தாள், வழுக்கினாள், விழுந்தாள். விழுந்த வேகத்தில் தோளை மடக்கி ஓர் உருளல், அடுத்த நொடி இரண்டு காலில் நின்றாள். கைகள் முகத்துக்கு முன்னால் முஷ்டியாக இருந்தன. நடையைத் துடைத்துக்கொண்டிருந்தவராக நடித்தவர் பயந்து துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

பதினொரு முறை விழுந்தாள். ஒவ்வொரு முறையும் போன முறையைவிட அழகாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இயக்குநர் மட்டும் தட்டவில்லை. "அக்கா, நீங்க விழுந்தா எனக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கணும்னு தோணுது. தூக்கிவிடணும்னு தோணல" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை. கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு விழுந்து பழகினாள். கணவர் பக்கத்தில் நின்று தோள் எங்கே, இடுப்பு எங்கே என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரும் தொழில்காரர்கள். சொல்லச் சொல்ல அழகு கூடியதே தவிர ஒன்றும் கெடவில்லை. மாமியார் சோபாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது விழுதலுக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"நீ விழலடி. இறங்குற."

இடி அக்கா தரையில் உட்கார்ந்தபடியே, பின்னே எப்படி விழ வேண்டும் என்று கேட்டாள்.

இந்த மாமியார் இரண்டு வருடத்துக்கு முன்னால் சமையலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர். அன்று கையிலிருந்த பால் பாத்திரத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்பதைக் கேட்காதவர் அந்தத் தெருவில் இல்லை. எலும்பைச் சேர்த்துவைத்த மருத்துவரிடமும் முதலில் பால் கதையைத்தான் சொன்னார். இப்போதும் பட்டாணியைத் தள்ளிவைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். வழக்கமாக இந்தக் கதையின் பாதியில் எழுந்து போகும் மருமகள் அன்று கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"அத்தை, பாத்திரத்தை ஏன் கீழ போடல?"

"நல்லா கேட்ட. பாலை யாராவது போடுவாங்களா?"

இடி அக்கா கணவரைப் பார்த்தாள். கணவர் அவளைப் பார்த்தார். சண்டைப் பயிற்சியில் முதல் நாள் முதல் பாடம், கையில் இருப்பதை விட்டுவிடு என்பதுதான். கத்தியோ பெட்டியோ குழந்தை பொம்மையோ, கால் தவறியதும் கை காலியாகிவிட வேண்டும். காலியான கைதான் உடம்பைக் காப்பாற்றும். பதினொரு முறையும் அவள் கேக் பெட்டியைத்தான் முதலில் வீசினாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. பெட்டியில் ஒன்றும் இல்லையே. சாதாரண மனுஷி தன்னை விட்டுவிட்டுக் கையில் இருக்கும் பொருளைக் காப்பாற்றுகிறாள். அதனால்தான் அவள் அலங்கோலமாக விழுகிறாள்.

மெத்தைக்கு இது பிடிக்கவே இல்லை. கையில் பிடித்ததை விடாமல் விழுந்தால் முழங்கை போகும், இடுப்பு போகும், ஏற்கனவே முழங்கால் போயிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை பூராவும் சண்டை போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அடித்து ஆடினார், அவள் வாங்கிக்கொண்டாள். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. இடுப்புக்கு உள்ளே பஞ்சுப் பட்டை, முழங்காலுக்கு உறை, பெட்டிக்குள் நிஜமான கேக். பட்டையை அவரே வெட்டித் தைத்தார்.

திங்கட்கிழமை காலை அவளே பேக்கரிக்குப் போனாள். எந்தக் கேக் என்று கால் மணி நேரம் யோசித்தாள். மேலே வெள்ளைப் பூ வைத்ததை எடுத்தாள். படப்பிடிப்புக்கு வரும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் ஓட்டுநரை முறைத்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாத குறைதான்.

அலுவலக நடை தயாராக இருந்தது. இரண்டு பக்கமும் கோப்பு அலமாரிகள், தரையில் ஈரப் பளபளப்பு. தயாரிப்பாளர் கேமராவுக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மெத்தை விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் நடந்து வந்தாள். கண் பெட்டியின் மேலேயே இருந்தது. செருப்பு வழுக்கியது. இடது கால் ஒரு திசையில் போனது, வலது கால் அதைத் தேடிக்கொண்டு போனது. இருபத்துமூன்று வருடப் பழக்கம் கைகளை இழுத்தது. அவள் கொடுக்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, முழங்கை அலமாரியில் இடிக்க, மூட்டை இறக்கியதுபோல் தொப்பென்று விழுந்தாள். ஒரு செருப்பு எங்கோ பறந்தது. முடி அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. அவள் முடியை ஒதுக்கவில்லை. பெட்டியை மடியில் இறக்கி, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே பார்த்தாள். பூ இருந்த பக்கம் நசுங்கி மூடியில் ஒட்டியிருந்தது.

அப்போது அந்தக் காட்சி கெட்டுப்போனது. கெடுத்தவர் விளக்குக்காரர். அவள் எட்டாவது மாடியிலிருந்து குதித்ததைக் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்த மனிதர் அவர். "ஐயோ, அடிபட்டுச்சாம்மா?" என்றபடி நேராகக் கேமராவுக்கு முன்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் உடை கவனிக்கிற பெண் ஓடினாள். அவளுக்குப் பின்னால் தயாரிப்பாளர், பறந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. அவளும் பாதி வழி வந்துவிட்டாள். ஓடாமல் நின்றவர் மெத்தை ஒருவர்தான். அவர் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தயாரிப்பாளர் செருப்பை அவள் காலருகே வைத்துவிட்டு, மற்ற நடிகைக்குத் தானே போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆட்கள் குறுக்கே ஓடிவிட்டதால் இதைப் படத்தில் வைக்க முடியாதே, இன்னொரு தடவை விழ முடியுமா என்று கேட்டார்.

"அதுக்கென்ன சார், விழுறேன். இன்னொரு கேக் சொல்லுங்க" என்றாள்.

மூன்று கேக்குகள் ஆயின. நசுங்கிய மூன்றையும் ஆளுக்கொரு கரண்டியாகச் சாப்பிட்டார்கள். விளக்குக்காரரை மூன்றாவது முறை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அவளுக்கு வலது கையை மேலே தூக்க முடியவில்லை. முழங்கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அதைப் பால்காரரிடம் காட்டினாள், பக்கத்து வீட்டில் காட்டினாள், மாமியாரிடம் இரண்டு முறை காட்டினாள். மாமியார் தன் பழைய மணிக்கட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பத்து மணிக்குப் படப்பிடிப்பு. தலை வார வேண்டும். மெத்தை சீப்பை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முதல் சிக்கிலேயே அவள் முகம் சுளித்தாள்.

"மெதுவாங்க. வலிக்குது."

"இருபத்துமூணு வருஷமா ஒவ்வொரு அடிக்கும் நான் உன் காதுல சொல்லிட்டு இருந்தது இதத்தான்" என்றார் மெத்தை. சொல்லிவிட்டு, முடியின் நுனியிலிருந்து மெல்ல வார ஆரம்பித்தார்.