அம்மாவுக்கு வயது மூன்று

எங்கள் வீட்டில் அறிவியலுக்கு அப்பா, சாமிக்கு அம்மா என்று வேலையைப் பிரித்துக் கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பத்து வயதில் நான் நம்பியிருந்தேன். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அணு ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் வேலை. மின்சாரம் போனால் அது ஏன் போனது என்று என்னை உட்காரவைத்து விளக்குவார். அந்த இருட்டில் மெழுகுவத்தியைத் தேடி எடுத்துவருவது அம்மா. அம்மா திருக்கழுக்குன்றத்துக்காரி, ஊரில் இருக்கிற எல்லா அம்மனோடும் அவளுக்குப் பேச்சுவார்த்தை உண்டு. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போகிற சாலையில், ஒரு தெருவுக்குள் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம்.

அந்த வருடம் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி என்று பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் போட்டார்கள். ஊசிக்கு முன்னால் வதந்தி வந்து சேர்ந்தது. அப்பாவோடு பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். அதில் ஒரு ஆடியோ. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே, எந்த ஊர் என்று சொல்லாமல், யார் பிள்ளை என்று சொல்லாமல், ஊசி போடாதீர்கள் என்று கெஞ்சினாள். அப்பா அதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்துக் கேட்டார். திரும்பவும் கேட்டார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றினாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் முடிவு செய்துவிட்டாள் என்று பொருள். இது எனக்கே தெரியும், அப்பாவுக்குத்தான் தெரியாது. மறுநாள் அவர் பஸ் ஏறியதும், மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அங்கன்வாடிக்கு வந்திருந்த நர்சம்மாவிடம் அவனுக்கு ஊசி போடவைத்துக் கூட்டிவந்துவிட்டாள். எனக்கும் பள்ளிக்கூடத்தில் போடச் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டாள். சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் அப்பா சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றியபடியே, “ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா...” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால் அம்மா பதிலுக்குத் திட்டி முடித்திருப்பாள். பாதியில் நின்ற பேச்சுக்கு என்ன பதில் சொல்வது?

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசி போட்ட கை வலிக்கிறது என்று சொல்லி வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்த்தேன், அதுவும் நடக்கவில்லை. தம்பிக்கும் ஒரு வாரம் ஒன்றுமில்லை. அதற்கப்புறம்தான் காய்ச்சல் வந்தது. அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். வயிற்றிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பொடிப் பொடியாக இருந்தது.

“அம்மா வந்திருக்கா” என்றாள் அம்மா. குரல் அவளுடையதாகவே இல்லை.

அப்புறம் வீடு மாறிவிட்டது. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வீட்டுக்கார அத்தை சேதி கேள்விப்பட்டு வந்து, உள்ளே நுழையாமல் தெருவில் நின்றபடியே சட்டதிட்டங்களைச் சொன்னாள். தாளிக்கக் கூடாது. தலை வாரக் கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது. முக்கியமாக, மாத்திரை மருந்து என்று பேச்சே எடுக்கக் கூடாது, தாய்க்குக் கோபம் வந்துவிடும். அன்றைக்கு அப்பளம் கிடையாது என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. பெரிய அநியாயமாகப் பட்டது.

ஆனால் தம்பியைப் பார்க்கப் பார்க்க அப்பளம் மறந்துபோனது. போன வருடம் காய்ச்சலில் அவனுக்கு வலிப்பு வந்திருந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்ததை நானும் பார்த்திருக்கிறேன். டாக்டர் அப்போதே, காய்ச்சலை ஏற விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். இப்போது உடம்பு அனலாகக் கொதித்தது. மருந்தோ கொடுக்கக் கூடாது. அம்மா ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைப்பதும், அவன் கண்ணையே பார்ப்பதுமாக இருந்தாள். வலிப்பு வருமோ என்றுதான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் பயமாக இருந்தது.

அப்பா யாரிடமாவது கேட்கலாம் என்று ஆரம்பித்தார். கேட்க ஆரம்பித்ததுதான் தப்பு. வாட்ஸப் குழுவில் ஒருவர் இது அலர்ஜி என்றார், ஒருவர் கேஸ் போடுங்கள் என்றார், இன்னொருவர் அந்தப் பழைய ஆடியோவையே திரும்ப அனுப்பினார். மெயின்ரோட்டு மருந்துக்கடைக்காரர் போனிலேயே ஏதோ ஆன்டிபயாடிக் பெயரைச் சொல்லி, கடைப் பையனிடம் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டார். பெரியப்பா விருதுநகரிலிருந்து, இளநீர் கொடு, எல்லாம் சரியாகும் என்றார். பத்துப் பேரிடம் கேட்டால் பதினோரு பதில் வந்தது. அப்பாவின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

கடைசியில் அரசாங்க சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நோய் என்று சொல்லாதே, தட்டம்மை என்று சொல்லாதே என்று கண்ணாலேயே மிரட்டினாள். ஸ்பீக்கரில் ஒரு இளம்பெண்ணின் குரல் கேட்டது. அப்பா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“ஊசி போட்டோம்மா. இப்போ வீட்ல அம்மா வந்திருக்காங்க.”

“அம்மாவுக்கு என்ன வயசு சார்?”

“மூணு.”

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“சார், விளையாடாதீங்க சார்.”

“நான் விளையாடலம்மா. அவங்கதான் விளையாடுறாங்க” என்றார் அப்பா, பயபக்தியோடு.

இணைப்பு அறுந்தது. அந்தப் பெண் வைத்தாளா, சிக்னல் போனதா தெரியாது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், அம்மா தொடையில் கிள்ளினாள். ஆனால் அந்தப் பெண் நல்லவள். பக்கத்தில் யாரோ பெரியவர்களிடம் கேட்டிருக்க வேண்டும், அவளே திரும்பக் கூப்பிட்டாள். இந்தத் தடவை அம்மா என்றால் யார் என்பதைப் புரிந்துகொண்டு மரியாதையாகவே பேசினாள். காய்ச்சலை இப்படியே விடாதீர்கள், ஊசி போட்ட இடத்தைச் சேர்ந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்றைக்கே குழந்தையைக் கொண்டுபோங்கள், அங்கே டாக்டர் பார்ப்பார், ரிப்போர்ட்டும் பண்ணுவார் என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் அம்மா நிமிர்ந்தாள்.

“ரிப்போர்ட்டா? இன்னாத்துக்கு ரிப்போர்ட்டு? யார் மேல?”

எங்கள் தெருவில் ரிப்போர்ட் என்றால் ஒருவர்மேல் எழுதிக் கொடுப்பதுதான். லைன்மேன்மேல் ரிப்போர்ட், ரேஷன் கடைக்காரர்மேல் ரிப்போர்ட். எழுதினால் யாருக்காவது ஒருவருக்கு ஆப்பு நிச்சயம். அப்பா ஏதோ விளக்க வாயெடுத்தார். அதெல்லாம் ஒன்றும் தேவையில்லை, இது ஊசியால் வந்ததில்லை, தாய் வந்திருக்கிறாள், தானே இறங்கிப் போவாள் என்று சொல்லி அம்மா திரும்பிக்கொண்டாள். எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை படித்த அப்பா சொல்லியும் கேட்காமல், சாமி சாமி என்று பிடிவாதம் பிடிக்கிறாளே என்று நினைத்தேன்.

மத்தியானம் இளநீர் வந்தது. இளநீர் என்றால் என் பங்கையும் பிடுங்கிக் குடிக்கிறவன் தம்பி. ஒரு வாய் வாங்கினான், கடைவாயில் ஒழுகவிட்டுத் தலையை அம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டான். அழக்கூட இல்லை. அம்மா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். வாராத தலையை அப்படியே அள்ளி முடிந்துகொண்டாள், ஒரு துண்டை அவன்மேல் போர்த்தினாள், வேப்பிலையைத் தலையால் இடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நானும் வருகிறேன் என்று அப்பா சட்டையைத் தேடினார்.

“நீங்க இருங்க. வூட்டப் பூட்டக் கூடாது. வெளக்கு அணையாம பாத்துக்கோங்க” என்றாள் அம்மா.

இப்படியாக, அணுவோடு புழங்குகிற மனிதர் அம்மனுக்கு எண்ணெய் ஊற்றுவதற்கு வீட்டில் நின்றார்.

ஷேர் ஆட்டோவில் எங்களுக்கு நெருக்கி இடம் கொடுத்த பெண்மணி, துண்டு விலகித் தம்பியின் கழுத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓட்டுகிறவர் பாட்டை நிறுத்திவிட்டார். என் தம்பியைப் பார்த்து ஒருத்தர் கும்பிடுவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அம்மா எதையும் கவனிக்கவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சுகாதார நிலையத்தில் கூட்டம் இல்லை. டாக்டர் ஒரு அக்கா. அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார் போல, டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்தார். தம்பியின் கண், வாய், காது, நெஞ்சு எல்லாம் பார்த்தார். முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டார். எப்போது ஊசி போட்டது, எங்கே போட்டது, எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டுக்கொண்டே ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் அம்மா மடமடவென்று பேசிவிட்டாள்.

“நர்சம்மா மேல ஒண்ணும் எழுதாதீங்க. இவங்கப்பா வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் அவருக்குத் தெரியாம இட்டுகினு போயி போட்டேன். எழுதறதா இருந்தா எம்பேர எழுதிக்கோங்க.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“இது யார் மேலயும் எழுதறது இல்லம்மா. ஊசி போட்டப்புறம் குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு மேல சொல்றது. எல்லாரும் சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்? நீங்க வந்து சொன்னதே நல்லது.”

இந்த ஊசி போட்ட சில பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் இப்படிப் பொடியும் வருவது உண்டு, பெரும்பாலும் தானே போய்விடும் என்றார். இது ஊசியால்தானா, வேறு எதனாலாவதா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும், கண்டுபிடிப்பது அவர்கள் வேலை என்றார். காய்ச்சலுக்கு சிரப் கொடுத்து, அவன் எடைக்கு எவ்வளவு என்று மூடியில் அளந்து காட்டினார். இறங்கும்வரை எங்களை அங்கேயே உட்காரச் சொன்னார். வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, தண்ணீர் குடிக்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம் யோசிக்காமல் ஓடி வர வேண்டும் என்றார்.

வீட்டில் தாய் வந்திருக்கும்போது மருந்து கொடுக்கலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவங்களும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும் என்றார்.

சிரப் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் தம்பிக்கு வியர்த்தது. என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கித் தண்ணீர் குடித்தான். அப்போதுதான் அம்மா அழுதாள். சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தபடி, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். நான் அவள் காதருகே போய், மருந்து கொடுத்தது டாக்டர்தானே, சாமி கேட்டால் அவரைச் சொல்லிவிடலாம் என்று யோசனை சொன்னேன். அம்மா என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். அவள்மேல் வேப்பிலையும் வியர்வையும் கலந்து மணத்தது. அப்போது எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் மிச்சமில்லை.

வெயில் தாழ வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு வாசலுக்கு ஓடிவந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டார்.

“ஊசியாலதான் இருக்கும்னாங்க. சரியாப் பூடுமாம்” என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு நின்றாள். உள்ளே வரவில்லை. தம்பியைத் தோளில் போட்டபடி, அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். பேச்சு வார்த்தை இல்லாமல் இரண்டு பெரியவர்கள் வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்பதைப் பார்க்க எனக்கு அலுப்பாக இருந்தது. பிறகு சட்டென்று விளங்கியது. தாய் இருக்கிற வீட்டுக்குள் கால் கழுவாமல் எப்படி வருவாள்! இதுகூட அப்பாவுக்குத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு, அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன்.

சொம்பு நிறையத் தண்ணீரோடு நான் திரும்பி வந்தபோது தம்பி அப்பாவின் தோளுக்கு மாறியிருந்தான். அப்பாவின் இன்னொரு கை அம்மாவின் வாராத தலைமேல் இருந்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள் இருவரும். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள். தண்ணீருக்காகத்தான் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள் பாவம் என்று நினைத்து, நான் குனிந்து அவள் காலில் ஊற்றினேன்.