லீவர் நடுவுலதான் இருந்துச்சு

சிபாயிஷ் சதுப்பில் யார் படகின் மோட்டார் இருமினாலும் ஷனாவாவைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் வற்றிப்போன கெட்ட வருஷங்களில் நஜஃப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் பட்டறையில் கிடந்து கற்ற தொழில். தண்ணீர் திரும்பி நாணல் முளைத்ததும் முதல் ஆளாக ஊருக்கு ஓடிவந்தவனும் அவன்தான். கைராசிக்காரன், வாய் பேசாதவன், பிறர் குடியைக் கெடுக்காதவன் என்று ஊரே சொல்லும். ஊர் வாயில் நல்ல பேர் வாங்குவதைப் போல ஆபத்து வேறு உண்டா? ஷனாவாவுக்கு வினை அந்தப் பேரிலேயே வந்தது.

அவன் சொந்த மோட்டாரில் ஒரு பின் கழன்று சேற்றில் விழுந்துவிட்டது. மேலே இருக்கிற கியர் லீவரையும் கீழே கியர் வரைக்கும் போகிற தண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பின் அது. விரல்நக அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் லீவர் ஒரு பக்கம், கியர் ஒரு பக்கம். அன்றைக்கென்று ஒரு கல்யாண கோஷ்டியை ஏற்றிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தான். தங்கை புருஷன் காத்தியின் பழைய மோட்டாரோ, பிளக்கைச் சுத்தம் செய்யவென்று ஷனாவாவின் வீட்டுப் பாயின்மேல் திறந்து கிடந்தது. அதிலிருந்த பின்னை உருவித் தன்னுடையதில் போட்டுக்கொண்டான். காத்தியின் மோட்டாரில் செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டினான். இரண்டு நாள்தானே, பஸ்ராவிலிருந்து வேறு வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தான். "புதுசு மாதிரி ஓடும் மச்சான்" என்று சொல்லியும் கொடுத்துவிட்டான். இரண்டு நாள் ஒரு மாதமானது. தன் மோட்டார் நன்றாக ஓடும்போது அடுத்தவன் மோட்டாரை எவன் நினைக்கிறான்?

தங்கையின் பெயர் தஸ்வாஹின். அத்தனை பேருக்கும் நீ ஒருத்தி ஈடு என்று அர்த்தம். பெற்றவர் ஆசையாக வைத்தது. தினமும் விடியலில் எருமைப்பாலைக் கரைக்குக் கொண்டுபோய் விற்றுவருவது அவள்தான். ஒருநாள் எருமைகள் நீந்தி மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் கியர் விழாதபடி லீவரை நடுவில் வைத்து மோட்டார் கயிற்றை இழுத்தாள். படகு எகிறிப் பாய்ந்தது. சினையாக இருந்த எருமை சப்ஹாவின் பின்னங்காலை மோட்டார் விசிறி அறுத்துவிட்டது. எலும்பே தெரிந்தது. வேறு வழியில்லாமல் காத்தி தன் கையாலேயே எருமையை அறுத்தான், அழுதுகொண்டே.

"முன் கியர்ல போட்டுட்டுக் கயித்த இழுத்திருக்கா, குருட்டுக் கழுத!" என்று கத்தினான்.

"அப்பாஸ் மேல சத்தியமா, லீவர் நடுவுலதான் இருந்துச்சு" என்றாள் அவள்.

அந்தப் பக்கத்தில் கடவுள் மேல் சத்தியம் என்பது தேநீருக்குச் சர்க்கரை மாதிரி. ஆளாளுக்கு அள்ளிப் போடுவார்கள், அவன் கருணையாளன், மன்னித்துவிடுவான். போரில் உயிர்விட்ட புனிதர் அப்பாஸ் அப்படியில்லை. சூடான தலைக்காரர். அவர் பேரில் பொய்ச் சத்தியம் செய்தவனின் வாய் கோணிப்போகும், வீடு பற்றியெரியும். ஆனாலும் காத்தி நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. அவளுக்கு என்ன நேரப்போகிறதோ என்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. அவள் வழித்தெடுத்த பாலாடையைப் பெண்கள் வாங்கவில்லை. எதிரே இருந்த நாணல் திட்டில் குடியிருந்த பத்ரியா தன் பிள்ளைகளை இவள் வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள். காத்தி படகைப் பிடுங்கிக்கொண்டான். அவள் தன் வீட்டு நாணல் திட்டோடு கிடந்தாள்.

எருமை அடிபட்ட செய்தி வந்ததுமே ஷனாவாவுக்குத் தான் கட்டிய கம்பி ஞாபகம் வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யா? தங்கை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, பாவி. கடைசியில் காத்தியே ஆள் அனுப்பினான்.

"வா மச்சான். மோட்டார்ல கோளாறு ஒண்ணும் இல்லைன்னு அவ எதிர்லயே சொல்லிட்டுப் போ. அவ வாயி அடங்கட்டும்."

ஷனாவா போய் லீவரை நடுவில் வைத்து விசிறியைக் கையால் சுழற்றினான். தடையில்லாமல் சுற்ற வேண்டியது, டக்கென்று பிடித்துக்கொண்டது. மூடியைத் திறந்தான். அவன் கட்டிய செம்புக் கம்பி இளகி நீண்டிருந்தது. லீவர் நடுவுக்கு வந்திருந்தது. தண்டு மட்டும் முன் கியரை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது.

தஸ்வாஹின் தேநீர்த் தட்டோடு நின்றாள். "நடுவுலதானே இருந்துச்சுண்ணே?"

"ஆமாம்மா. துரு... துரு தின்னுருச்சு. பழைய மோட்டார்தானே."

காத்தி சிரித்தான். "யார்கிட்ட கத விடுற? போன மாசம் நீயே பாத்துக் குடுத்த மோட்டாரு. உன் கை பட்டது ஒரு மாசத்துல துருப்பிடிக்குமா? தங்கச்சி மேல பாசம் இருக்க வேண்டியதுதான், அதுக்காக இப்படியா!"

ஷனாவாவுக்கு முகம் செத்துவிட்டது. நல்ல பேரையே கயிறாகத் திரித்துத் தங்கை கழுத்தில் போட்டாயிற்று.

"துரு இல்ல மச்சான். பின்ன உருவுனது நான். இந்தக் கம்பியக் கட்டுனதும் நான்தான்."

"அடேங்கப்பா! பழியத் தன் தலையிலயே போட்டுக்கிறான் பாரு. கூடப்பொறந்த ரத்தம்ல! சரி, அப்பாஸ் மேல சத்தியம் பண்ணு பாப்போம்."

ஷனாவா வலது கையை உயர்த்தினான். "அப்பாஸ் மேல சத்தியமா, நான்தான்."

காத்தியின் சிரிப்பு நின்றது. பிறகு எழுந்து அக்கம்பக்கத்துத் திட்டுகளுக்கெல்லாம் கேட்கும்படி, "தப்பு இவ மேல இல்ல! மோட்டார்லதான் கோளாறு! மச்சான் சத்தியம் பண்ணிட்டான்!" என்று கூவினான். தேநீர் ஆறுவதற்குள் பத்ரியா பாலாடைக்குக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"விடு மச்சான், யாருக்கும் நடக்கிறதுதான்" என்று காத்தி அவன் தோளைத் தட்டினான். தட்டாமல் அறைந்திருந்தால் ஷனாவாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

தன் மோட்டாரிலிருந்து பின்னைக் கழற்றி இதில் மாட்டினான். விசிறியைத் தட்டினான், தங்குதடையில்லாமல் சுற்றியது. இனி அவன் கழி ஊன்றித்தான் வீடு போய்ச் சேர வேண்டும். தஸ்வாஹின் பால் கேன்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன மன்னிச்சிரும்மா" என்றான்.

"பின்ன எடுத்தத மன்னிச்சிட்டேன்ணே" என்றாள் அவள், நிமிராமலே. "நீ ஒரு தடவ சத்தியம் பண்ணுன, அவரும் நம்பிட்டாரு, ஊரும் நம்பிருச்சு. நானும் அதே அப்பாஸ் மேலதானே பண்ணேன்?"