நாட்டு மனைவியின் கடிதம்

இன்று இல்ஃபோர்டில் ரயில் ஏறியபோது, மழையில் நனைந்த மிருக ரோமக் காலர் வைத்த கோட்டுடன் ஒரு சீமாட்டி பக்கத்தில் வந்து அமர்ந்தார். மற்றவர்களுக்கு அது ஈர நாயின் வாடை. எனக்கு என் முதல் வேலையின் வாடை.

லண்டனில் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கனடாவில் மிருகத்தோல் வியாபாரம் செய்து செழித்த ஒரு குடும்பத்தின் கடிதங்களை ஸ்கேன் செய்து பட்டியல் போடுவது என் பணி. மன்னார்க்காரரான சூசை அண்ணை பெட்டிகளைத் தூக்குவார். நான் பழந்தோல் வாடை வீசும் தூசியைச் சுவாசிப்பேன்.

அந்தக் குடும்பத்துப் பெரிய மனிதர் தான் வாங்கிய தோல்களைப் பற்றி உருகி உருகி எழுதுவார். தேவாலயமில்லாமல் அந்த நாட்டு வழக்கப்படி மணந்த மனைவியை மட்டும் 'நாட்டு மனைவி' என்பார், நாட்டுக்கோழி மாதிரி. அவள் தகப்பன் பிரெஞ்சுக்காரர், தாய் ஒஜிப்வே பழங்குடி. அவருக்காகப் பேரம் பேசியவள், தோல் பதனிட்டவள், ஒரு பஞ்சக் குளிரில் முயலுக்குக் கண்ணி வைத்து அவர் உயிரைக் காத்தவள், நான்கு பிள்ளைகளைப் பெற்றவள். இத்தனைக்கும் நடுவில் பெயர் வேறு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ.

'வசந்தத்தில் வருவேன்' என்று சொல்லி லண்டன் வந்தவர், தேவாலயத்தில் முறைப்படி இன்னொருத்தியை மணந்துகொண்டார். பிறகு பிள்ளைகளை மட்டும் அனுப்பச் சொன்னார்.

அவளுடைய பதிலை ஒருநாள் பெட்டியின் அடியில் கண்டேன். பாதிரியார் ஒருவர் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தது. ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே இருந்தது. "பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தாய் இருக்கிறாள். வியாபாரத்தை நானே நடத்துகிறேன், முன்பைவிட நன்றாக." அடியில் கோணல்மாணலாக அவளே எழுதிய பெயர்: மார்கரித்.

ஸ்கேனர் மூடியை மூட எனக்கு மனம் வரவில்லை. பட்டியலில் அவள் பெயரைப் பதிந்தேன். குடும்பத்தாருக்குச் சங்கடம் வேண்டாம், 'குடும்பம், இதர தாள்கள்' என்று போட்டால் போதுமே என்றார் மேலாளர், மிகவும் பணிவாக. ஆங்கிலேயர் பணிந்தால் அது உத்தரவு.

"தங்கச்சி, உம்மட விசா இன்னும் குரோய்டன் குடிவரவு ஒஃபிசில கிடக்குது. வாயைப் பொத்திக்கொண்டிரும்," என்றார் சூசை அண்ணை.

"ஏலாது அண்ணை. அவ தன்ர கையால பேர் எழுதியிருக்கிறா."

பெயரை அழிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு ஷிப்ட் இல்லை. அதையும் பணிவாகவே அறிவித்தார்கள். சில மாதங்களில் விசா வந்தது. அதில் என் பெயரில் இரண்டு எழுத்துகளைக் காணவில்லை. திருத்தச் சொல்லிக் கேட்க இந்த வீராங்கனைக்குத் துணிச்சல் வரவில்லை.

சூசை அண்ணை காலமாகிவிட்டார். கடிதங்களைக் குடும்பத்தார் ஏலத்தில் விட்டார்கள். யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றனவோ. நிலவறை இப்போது உடற்பயிற்சிக்கூடம். போன மாதம் உள்ளே எட்டிப் பார்த்தேன். வரவேற்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை.

"முந்தி நான் இங்க வேலை செய்தனான், பிள்ளை."

"ரியலி, அன்ரி? இது எப்பவும் ஜிம் தானே?"