ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்ட்

இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பது, பல் வலி வராதவர்களுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை. எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருத்தரும் செய்ய மாட்டார்கள். வாத்தியார் வேலை பார்த்து நொந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரிக்கு தினமும் பஸ் ஏறிப் போய் இந்தப் பாடத்தை எடுக்கிறேன். போன வருஷம் ஜெபா என்ற மாணவியின் படிப்பு பாதியில் நிற்கப் பார்த்தது. அதையொட்டி நடந்தவைதான் இவை.

அண்ணன் போட்ட பூட்டு

முதல் வகுப்பு. பாஸ்வேர்ட் எப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காக, ஊர்ப் பெயரை எழுதிப் பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று போட்டேன். பாதி வகுப்பு திருதிருவென்று விழித்தது. விசாரித்தால், அதுதான் அவர்கள் எல்லாருடைய பாஸ்வேர்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் பிரவுசிங் சென்டர் அண்ணன் மெயில் திறந்துகொடுத்திருக்கிறார். பிள்ளைகளிடம் அப்போது போன் கிடையாது. அதனால் எல்லாருக்கும் தன் செல் நம்பரையே கொடுத்து, தன் வசதிக்கு ஒரே பாஸ்வேர்டையும் போட்டுவிட்டார். பிறகு இன்ஸ்டாகிராம் ஆரம்பித்தபோதும் இவர்கள் அந்த மெயிலையும் அந்தப் பாஸ்வேர்டையுமே வைத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கே மாற்றுங்கள் என்று மேஜையைத் தட்டினேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி நிதானமாக எழுந்தாள். “இது மறந்துபோனா அண்ணன்கிட்ட கேட்டுக்கிடுவோம். நாங்களா ஒண்ணு வச்சிட்டு மறந்துட்டா யார்கிட்ட மிஸ் கேக்குறது?”

காலி இடம்

ஜெபா வன்னியம்பட்டிப் பெண். முதல் பெஞ்ச், சந்தேகம் கேட்டே என்னைத் தண்ணீர் குடிக்க வைப்பாள். திடீரென்று வருவது நின்றுபோனது. அவளுடைய தோழி மாரியம்மாளைப் பிடித்து வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். ஜெபாவின் இன்ஸ்டாகிராமுக்குள் யாரோ புகுந்து, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, அவள் பெயரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆபாசமாக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். அப்பா போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, காலேஜும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

தப்பு செய்தவன் எங்கேயோ சுகமாக இருக்க, இவள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முதல் மெசேஜ் போன அன்றைக்கே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மாரியம்மாளிடம்தான் பாய்ந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “வீட்டுல சொன்னா பிரச்சனை போவாது மிஸ். போன்தான் போவும்.”

கடைக்காரரின் கட்டுப்பாடு

கணக்கை மீட்க ஒரு வழி இருந்தது. புகுந்தவன் மெயிலில் இருந்த பழைய செல் நம்பரை மாற்றவில்லை, ஆகவே மெயிலைத் திறக்க ஓடிபி பிரவுசிங் சென்டர் அண்ணனுக்குத்தான் வரும். நேராக அவர் கடைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டு மனிதர் நிஜமாகவே பதறிப்போனார். சரி, ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான், போனை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“எங்க அண்ணன் மக உங்க கிளாஸ்லதான் படிக்கா. டீச்சரே கேட்டாலும் ஓடிபியச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீகளாமே மேடம். அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க, சொல்லுதேன்.”

பீரோவுக்குள் போன்

ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து வன்னியம்பட்டிக்குப் போனேன். ஜெபாவின் அப்பா செல்லத்துரை டிராக்டர் ஓட்டுகிறவர். நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார், மகளைக் கடைக்கோ காலேஜுக்கோ மட்டும் அனுப்ப மாட்டேன் என்றார். ஆராதனைக்குப் போன இடத்திலும் நாலு பேர் கேட்டுவிட்டார்களாம். கேட்க எனக்கும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. “போன் உங்க பீரோவுலதானே இருக்கு? நேத்தும் மெசேஜ் போயிருக்கே, அப்ப அனுப்புறது யாரு?” என்று கேட்டேன். அவர் பீரோவைப் பார்த்தார். வாசலில் தலைகுனிந்து நின்ற மகளைப் பார்த்தார். “செத்த நேரம் இருங்க டீச்சர். சட்டைய மாத்திட்டு வாரேன்” என்றார்.

ஒரு கேள்வி

கடையில் ஓடிபி வந்தது, கணக்கு திரும்பக் கிடைத்தது. ஜெபா புது பாஸ்வேர்ட் போடும்போது நான், அவள் அப்பா, கடைக்காரர் மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். கையோடு போலீசில் புகாரும் கொடுத்தோம். புகுந்தவன் அவள் பக்கத்துத் தெருக்காரன், அவனும் கல்லூரியில் படிக்கிறவன், அதே கடையில் மெயில் திறந்தவன். பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. ஜெபாவின் பெயரைப் போட்டு, தன் பாஸ்வேர்டையே அடித்துப் பார்த்திருக்கிறான். திறந்துவிட்டது.

போலீஸ் விசாரணை முடிந்து செல்லத்துரை கல்லூரிக்கு வந்தார். ஜெபாவைத் திரும்ப அனுப்பச் சொல்லி ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தேன். அதற்கு இடம் கொடுக்காமல், அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டார். வழக்கு நடக்கிறது, அவன் வழக்கம்போல வகுப்புக்குப் போய்வருகிறான் என்றேன். அவர் எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். “அவன் காலேஜுக்குப் போறான். பொறவு எம் மக மட்டும் எதுக்கு டீச்சர் வீட்டுல உக்காந்திருக்கணும்? நாளைக்கு வருவா.”

ஜெபா வந்து உட்கார்ந்தாள், நான் பாடத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள், நான் விடுவதாக இல்லை.