நான் வெட்டி ஒட்டிய எட்டு லாரிகள்

எழுபதுகள் முடியப் போகிற சமயம். தீபாவளி கழிந்து, பேராக்கில் மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த மாதம். ஈப்போவுக்கு வெளியே, கோப்பேங் போகும் சாலையோரம் இருந்த ஒரு பட்டறையில் நான் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது முப்பது. கைவேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. என் வேலையில் யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "அந்தக் காலத்துல உங்ககிட்ட பேசறதுக்கே நாள் பாக்கணும்" என்று என் மனைவி இன்றைக்கும் கிண்டல் செய்வாள்.

ராணுவம் கழித்துவிட்ட பழைய லாரிகளை பட்டறை முதலாளி, அதாவது எங்கள் தவுக்கே, ஏலத்தில் எடுப்பார். முன்னால் ஒரு அச்சு, பின்னால் இரண்டு அச்சு, மூன்றும் இழுக்கும். சேறு, ஆறு, மேடு எதுவும் அந்த லாரிக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் தோட்டத்து மலைப்பாதையில் அதைத் திருப்ப முடியாது. அப்போது தோட்டம் தோட்டமாகக் கிழட்டுக் கித்தா மரங்களை, அதாவது ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய்க்கான செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்த்த மரத்தைக் கீழே கொண்டுவர வேண்டும். மலையைச் சுற்றி இறங்கும் மண்சடக்குப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அந்த நீள லாரி மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த்தான் திரும்பும். அதற்குள் வால்பக்கம் பள்ளத்துக்கு மேல் தொங்கும்.

அதனால் நாங்கள் அதைக் குட்டையாக்குவோம். கடைசி அச்சைக் கழற்றிவிடுவோம். லாரிக்கு முதுகெலும்பான இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களில், அதாவது சேசிஸில், கேபினுக்குப் பின்னால் ஒரு துண்டை அறுத்தெடுத்து, மிச்சமுள்ள பின்னச்சை முன்னால் கொண்டுவந்து, மறுபடி ஒட்டுவோம். இன்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் ஷாஃப்டையும் அளவாகக் குறைப்போம். ஆறு சக்கரம் இழுத்த லாரியை இப்போது நாலு சக்கரம் இழுக்கும், ஆனால் வளைவில் ஆட்டுக்குட்டி மாதிரி திரும்பும்.

அந்த அறுப்பும் ஒட்டும் என் பொறுப்பு. ஒட்டிய இடத்தைக் கிரைண்டர் போட்டு இழைத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டால், எங்கே ஒட்டினேன் என்று நானே தடவித்தான் பார்க்க வேண்டும். லாரி வாங்க வருகிறவர்களிடம் தவுக்கே பந்தயம் கட்டுவார். ஒட்டைக் கண்டுபிடித்துவிட்டால் கோப்பியும் ரொட்டியும் அவர் செலவு. ஒருவரும் ஜெயித்ததில்லை. அப்போதெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவாது.

உண்மையில் ஒட்டிய இடத்துக்கு மேல் ஒரு கனத்த தகடு வைத்து அணைத்துப் பற்றவைப்பதுதான் முறை. முதல் லாரிக்குத் தவுக்கேவே தகடு வெட்டி வைத்திருந்தார். தகடு வைப்பது கை நடுங்குகிறவன் வேலை என்று சொல்லி அதைத் தூக்கி மூலையில் போட்டது நான்தான். தகடு வெளியே தெரியும், என் அழகு போய்விடும். எட்டு லாரியையும் நேராக அறுத்து, நேராக ஒட்டி அனுப்பினேன்.

எட்டாவது லாரி சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்துக்குப் போனது. அதை ஓட்டியவன் என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். ஒல்லி, அதிகம் பேசமாட்டான். லாரியை எடுத்துப் போன ஒரு மாதத்தில் பட்டறைக்கு வந்து நின்றான்.

"அண்ணே, லோடு ஏத்துனா லாரி ஒரு மாரி முனகுது. கேபினுக்கும் பின்பெட்டிக்கும் நடுவுல முந்தி நாலு விரல் போகும். இப்ப மூணுதான் போவுது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "விரல வெச்சி இன்ஜினியர் வேல பாக்கிறியா? ஓட்டுறவனுக்கு வெல்டிங்கப் பத்தி என்னா தெரியும்? புது ஸ்பிரிங், படிஞ்சி உக்காருது. போ, போய் ஓட்டு."

பட்டறையே சிரித்தது. அவனும் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த வாரம் மறுபடி வந்தான். அப்போது நான் வெல்டிங் முகமூடியைக்கூடத் தூக்கவில்லை. மூன்றாவது தடவை புந்தோங்கில் இருந்த என் வீட்டுக்கே வந்துவிட்டான். மழையில் நனைந்து வந்தவன், உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"கோவிச்சிக்காதீங்க அண்ணே. ஒரு நாளு வந்து ஏறிப் பாருங்க, போதும்லா. ஒண்ணும் இல்லன்னா இனிமே நான் வாயே தொறக்கமாட்டேன்."

அந்த வாயை அடைப்பதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனேன். தோட்டத்து வேலைக்காட்டுக்குப் பதினாலு பேர் நடந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். தோளில் மண்வெட்டி, கையில் சாப்பாட்டுத் தூக்கு, முழங்கால் வரை சேறு. இரண்டு மைல் ஏற்றம். காலி லாரி அவர்களுக்குப் பின்னால் மெதுவாக ஏறியது. அவர்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைப் பார்த்ததும் புலம்பினார்.

"பத்து நாளா ஒரு ஆள ஏத்தமாட்டேங்கிறான். முந்தியெல்லாம் எல்லாரும் லாரிலதான் மேல போவாங்க. கேட்டா, ஆள ஏத்தக்கூடாதுன்னு ஒரே பேச்சு. பெரிய மகாராசா!"

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு லாரி கையில் கிடைத்ததும் என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டே கேபினில் ஏறினேன். கதவைச் சாத்தப் போனால் சாத்த முடியவில்லை. அதைத் திறந்தபடியே கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

"அப்பிடியே இருக்கட்டும் அண்ணே" என்றான். எதற்கு என்றேன். "சும்மாதான்" என்று பல்லைக் காட்டினான்.

மேலே மரத்துண்டுகளை ஏற்றி முடிக்க மதியமாகிவிட்டது. காலியாக மலை ஏறும்போது சத்தமும் இல்லை, முனகலும் இல்லை. நான் வெற்றி பெற்ற மாதிரி உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அவன் ஓட்டியதைக் கவனித்தேன். முன்சக்கரங்களும் இழுக்கும்படி போட்டு, ஆகக் குறைந்த கியரில், ஆள் நடக்கும் வேகத்தில் விட்டான். எங்களுக்கு இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம். லாரியை மலைப்பக்கம் ஒதுக்கியே கொண்டுவந்தான். வேலை முடிந்த ஆட்கள் பின்னால் நடந்து வந்தார்கள்.

இரண்டாவது வளைவில் மழை அறுத்திருந்த ஒரு வாய்க்காலில் வலப்பக்க முன்சக்கரம் இறங்கி ஏறியது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். உலக்கையை நடுவில் முறித்த மாதிரி இருந்தது. கேபின் பின்பக்கமாகச் சாய்ந்தது. பின்பெட்டி பள்ளத்துப் பக்கம் சாய, மரத்துண்டுகள் ஒவ்வொன்றாக உருண்டு கீழே போவது கேட்டது. அவன் ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்து மூக்கை மலையில் செருகினான். லாரி இரண்டு உதறு உதறி நின்றது. என் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவனுக்குக் காயம் எதுவும் இல்லை.

மலைப்பக்கம் இருந்த அந்த ஒரு கதவுதான் குதிப்பதற்கு வழி. அதற்குத்தான் பத்து நாளாக அதைக் கட்டி வைத்திருந்தான். அன்று அந்த வழியில் என்னை உட்கார வைத்துவிட்டு அவன் பள்ளத்துப் பக்கம் இருந்தான். இது எனக்கு இறங்கி நின்ற பிறகுதான் உறைத்தது.

குனிந்து அடியில் பார்த்தேன். வலப்பக்கச் சட்டம் இரண்டாகப் பிளந்திருந்தது. என் ஒட்டு பிரியவில்லை. ஒட்டுக்குப் பக்கத்திலேயே, நான் காய்ச்சிய சூட்டில் கெட்டுப்போன இரும்பு வெடித்திருந்தது. வெடிப்பில் முக்கால்வாசி பழைய துரு, கால்வாசி புதுசாக மினுங்கியது. பல நாளாக அது கொஞ்சம் கொஞ்சமாக வெடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அவன் விரல் வைத்துச் சொன்னதெல்லாம் நிஜம். தகடு ஒன்று வைத்திருந்தால் தாங்கியிருக்கும்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். மண்டோர் அவன்மேல் பாய்ந்தார். ஓட்டத் தெரியாதவனுக்கு லாரி ஒரு கேடா என்றார். பத்து நாள் நடந்த எரிச்சலில் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்களைச் சேற்றில் நடக்கவிட்டுக் கடைசியில் லாரியையும் கவிழ்த்துவிட்டாயே என்று ஒருத்தி கத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு முகத்துச் சேற்றைத் துடைத்தான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. பட்டறையில் என் பெயர் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு, உதட்டு ரத்தத்தைத் துடைக்கிற சாக்கில் சும்மா நின்றேன். அப்போது அந்தப் பதினாலு பேரையும் ஒரு தடவை பார்த்தேன். முந்தின மாதமாக இருந்திருந்தால், அந்த மரத்துண்டுகளுக்கு மேல் இவர்கள் உட்கார்ந்து வந்திருப்பார்கள்.

"அவனத் திட்டாதீங்க. இத வெட்டி ஒட்டுனவன் நான்தான். தப்பு என் வேலையில" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

என்னை அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் முன்பு கத்திய அதே பெண், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த மாரி நீ ஒட்டுன லாரி இன்னும் எத்தன இருக்கு? அதெல்லாம் எங்க ஓடுது?"

ஏழு என்று மட்டும் சொன்னேன். எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கீழே நடந்து வரும்போது அவனிடம் கேட்டேன். இவ்வளவு தெரிந்தும், லாரியை வாங்கிய கண்டிராக்காரரிடம் ஏன் சொல்லவில்லை, இவர்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்று.

"ருசு இல்லையே அண்ணே. என் சந்தேகம் தப்பா இருந்து, உங்க வேல போயிருச்சின்னா? ஆள ஏத்தாம ஓட்டுறது என் கையில இருந்திச்சி, அதச் செஞ்சேன்" என்றான்.

அவன் சொன்னது அவ்வளவுதான். நான் ஊர் சிரிக்க அவமானப்படுத்திய அவன், என் பிழைப்பையும் சேர்த்துப் பத்து நாள் சுமந்திருக்கிறான். பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். பக்கத்தில் இருந்தவர் உதட்டுக் காயத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து ஒரு கைக்குட்டை கொடுத்தார்.

திங்கட்கிழமை தவுக்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தித் தீர்த்தார். கத்தி முடித்த பிறகு பழைய விற்பனைக் காகிதங்களை எடுத்து என் முன்னால் போட்டார். தகடும் வெல்டிங் சாமானும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சரிபண்ணிவிட்டு வா என்றார்.

சுங்கை சிப்புட் லாரியைப் பட்டறைக்கு இழுத்துவந்து முதலில் சரிசெய்தோம். பிறகு மற்றவற்றைத் தேடிப் போனேன். கமுந்திங்கில் ஒரு கல் உடைக்கும் இடத்தில் ஒன்று. பீடோரைச் சுற்றி மூன்று. பாகான் டத்தோவில் தேங்காய் ஏற்றிக்கொண்டு இரண்டு. பீடோரில் ஒரு முதலாளி, நல்லா ஓடுகிற வண்டியை ஏன் கெடுக்கிறாய் என்று விரட்டியே விட்டார். பெயிண்டைச் சுரண்டி, முடி மாதிரி ஓடிய வெடிப்பைக் காட்டிய பிறகுதான் அடியில் படுக்க விட்டார். ஆறு லாரிகளில் இரண்டில் வெடிப்பு தொடங்கியிருந்தது. ஆறுக்கும் கனத்த தகடு வைத்தேன். எட்டி நின்று பார்த்தாலே தெரியும்.

ஏழாவது கிடைக்கவில்லை. வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றுவிட்டார், அவர் கிரிக் காட்டுப் பக்கம் யாருக்கோ கொடுத்திருக்கிறார், அதற்கு மேல் தடமில்லை. எண்பதுகளில் எனக்குச் சொந்தப் பட்டறை வந்த பிறகும் தேடினேன். வடக்கே போகும்போதெல்லாம் குட்டை லாரி ஒன்று கண்ணில் பட்டால் நிறுத்தி, டிரைவரிடம் கெஞ்சி அடியில் படுத்துப் பார்ப்பேன். என் குடும்பத்துக்கு இது பெரிய தொல்லை. கல்யாணத்துக்குப் போகிற வழியில்கூட வேட்டியில் எண்ணெய்க் கறையோடு எழுந்து வந்திருக்கிறேன்.

அந்த லாரி எங்கோ பழைய இரும்பாகி, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் முடிந்திருக்கும் என்று நம்பத்தான் ஆசை; ஆனால் அது எங்கே ஓடுகிறது என்று அன்று அந்தப் பெண் கேட்டதற்கு நான் இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை.